இன்னொரு பூசிங்

இதை எழுத உட்காரும்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஆங்கிலப் பள்ளியில் ஏழாம் வகுப்போடு நின்றவன். தமிழைக் கோயில் மண்டபத்தில் நடந்த மாலை வகுப்பில் படித்தேன். அதன் பிறகு தண்ணீர் இலாகாவில் மீட்டர் பார்க்கும் வேலை, எழுதியதெல்லாம் எண்கள்தான். நான்கு பேர் நின்று பேசும் இடத்தில் ஐந்தாவது ஆளாகப் போய் நிற்கவே தயங்குகிறவன், ஊர் படிக்கும்படி ஒரு மனிதரைப் பற்றி எழுதுவது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் நான் எழுதாவிட்டால் அவரைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை.

அவர் பெயரை எழுதவில்லை. அவர் இப்போது ஜொகூர் பக்கம் இருக்கிறார். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டார். பெயரைப் போட்டால், "ஏன் மீட்டரு, வேற வேல இல்லியா?" என்று கேட்பார். என்னை அவர் 'மீட்டரு' என்றுதான் கூப்பிடுவார். அவருக்கும் ஊரில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. அதை வைத்தவன் நான். அதனால் வந்த தொல்லையைப் பிறகு சொல்கிறேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்திருந்த சமயம் அது. மலாக்காவின் காஜா பேராங்கில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு அவருடையது. அவரும் அம்மாவும் மட்டும். என்னைவிட இரண்டு வயது பெரியவர். டைப்ரைட்டர் பழுது பார்ப்பது அவர் தொழில். சைக்கிளின் பின்னால் ஒரு பழைய பிஸ்கட் தகரப்பெட்டி கட்டியிருப்பார். அதில் பல் துலக்கும் பிரஷ் மூன்று, ஒரு மண்ணெண்ணெய்ப் புட்டி, சின்னச் சின்னத் திருப்புளிகள், மை ஊறிய துணி. கட்டைவிரல் இரண்டும் எப்போதும் கறுப்பாக இருக்கும். கல்யாண வீட்டில் அவர் தொட்ட சந்தனக் கிண்ணத்தில் ஒரு கறுப்பு ரேகை விழுந்திருக்கும். அதைப் பார்த்தே அவர் வந்துவிட்டார் என்று தெரிந்துகொள்ளலாம்.

அலுவலகம் அலுவலகமாகப் போவார். தப்பாக அடித்துவிட்ட சொல்லை எக்ஸ் எழுத்தால் அடித்து மறைப்பது அப்போது கிராணிகளின், அதாவது குமாஸ்தாக்களின், வழக்கம். "எல்லா மெஷின்லயும் எக்ஸுதான் மொதல்ல தேயும் மீட்டரு. எக்ஸு தேயாம புதுசா இருந்துச்சுன்னா, அந்தக் கிராணி வேலையே செய்யலன்னு அர்த்தம்" என்பார்.

அவருடைய குணத்தை ஒரே வரியில் சொல்லச் சொன்னால், பாதியில் திரும்புவதற்கு வெட்கப்படாத மனிதர் என்பேன். முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்து, கழுத்தில் துணியும் கட்டிய பிறகு, கடைக்காரர் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தால், துணியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, "நாளைக்கு வர்றேண்ணே" என்று எழுந்துவிடுவார். மறுநாள் சொன்னபடி வந்து உட்காருவார். அதுதான் முக்கியம். திரும்பிப் போகிறவர்கள் ஊரில் பலர் உண்டு. திரும்பிப் போய் மறுபடி வருகிறவர் அவர் ஒருவர்தான்.

பண்டார் ஹிலிரில் ஒரு துணிக்கடை. மூன்று தலைமுறையாக மலாக்காவில் வியாபாரம் செய்யும் தமிழ் முஸ்லிம் ஒருவருடையது. ஒருமுறை என் நண்பரோடு நானும் அங்கே போயிருந்தேன். சட்டைத் துணியைத் தடவிப் பார்த்தபடி நின்றார். கடைக்காரர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"இது மொத நடையா தம்பி, ரெண்டாவது நடையா?"

"ரெண்டாவதுங்க பாய். மூணாவதுல எடுத்துருவேன்."

"அப்ப மூணாவது நடையில என்னை எழுப்புங்க. நான் பசியாறிட்டு வர்றேன்."

எனக்கோ நேர் எதிரான சுபாவம். மீட்டர் பார்க்கப் போகும்போது தவறான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டால், தப்பாக வந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்ப எனக்கு வாய் வராது. உள்ளே போய் அந்த வீட்டு மீட்டரையும் பார்த்து எழுதிக்கொண்டு வருவேன். இந்தச் சுபாவம் ஆளைக் கொல்லும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பத்து பெரண்டாம் விமானத்திடலில் அப்போது ஒரு சின்னப் பறக்கும் சங்கம் இருந்தது. உள்ளூர் இளைஞர்கள் நான்கு பேருக்குக் குறைந்த கட்டணத்தில் இடம் கொடுப்பதாகச் செய்தி வந்தது. அவர் என்னிடம் சொன்னார். நான் சிரித்தேன். ஒரு வாரம் கழித்து ஒரு தாளை நீட்டினார். என் பெயரில் ஆங்கிலத்தில் அழகாக அடித்த விண்ணப்பம். பழுது பார்த்த மெஷினில் எதையாவது அடித்துச் சோதித்துப் பார்க்க வேண்டும் அல்லவா? ஒரு அலுவலக மெஷினில் என் விண்ணப்பத்தை அடித்துச் சோதித்திருக்கிறார்.

"மெஷினு நல்லா ஓடுது. கையெழுத்த மட்டும் நீங்க போடுங்க" என்றார்.

இருவருக்குமே இடம் கிடைத்தது. வானம் என்று ஒன்று எனக்குக் கிடைத்தது அவர் கையால்தான். கூச்சம் உள்ளவனுக்கு மேலே ஒரு பெரிய நிம்மதி உண்டு. அங்கே யாரும் நம்மைப் பார்ப்பதில்லை. கீழே மலாக்கா ஆறும், குன்றும், கடலில் நிற்கும் தொங்கான் படகுகளும் நம் பாட்டில் நாம் பார்த்துக்கொண்டிருக்கலாம். இன்றைக்கும் மனம் சரியில்லாத நாளில் கண்ணை மூடினால் அந்தக் கடற்கரைதான் வருகிறது.

எங்களிடம் இருந்தவை இரண்டு பழைய விமானங்கள். இரட்டை அடுக்கு இறக்கை. மரச் சட்டத்தின் மேல் துணி இழுத்துக் கட்டி வர்ணம் பூசியது. மேலே கூரை கிடையாது. ரேடியோ கிடையாது. பிரேக்கும் கிடையாது. தரையில் நிற்கும்போது கொஞ்சம் பலமாகக் காற்று அடித்தால் கோழி இறக்கையைத் தூக்குவது போல ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். அதனால் காற்று நாட்களில், விமானம் இறங்கி ஓடி வேகம் குறைந்ததும், இரண்டு ஆட்கள் ஓடிவந்து ஆளுக்கொரு இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு கொட்டகைவரை நடத்திக் கூட்டிப்போவார்கள்.

அந்த இருவரில் மூத்தவர் எங்கள் காஜா பேராங்க்காரர். மலாக்கா செட்டிச் சமூகத்தவர். நம் சாமியைத்தான் கும்பிடுவார். ஆனால் தமிழ் பேச வராது, வீட்டிலும் மலாய்தான். அவரை எல்லோரும் இறக்கைக்காரர் என்போம். பறக்க வரும் எங்களைப் பார்த்து, "மக்கான் ஆங்கினா?" என்று கேட்பார். உலாவப் போவதை மலாயில் காற்றைச் சாப்பிடுவது என்றுதான் சொல்வார்கள். நாம் காற்று வாங்கப் போவதாகச் சொல்கிறோம். என் நண்பரின் அம்மாவிடம் யாராவது "மகன் எங்கே?" என்று கேட்டால், "காத்து வாங்கப் போயிருக்கான், அவனும் மூணாம் வீட்டுத் தம்பியும்" என்பார். விமானம் ஓட்டுகிறான் என்று சொன்னால் கண்பட்டுவிடும் என்று பயம்.

விமானம் ஏறுவதில் கஷ்டமில்லை. இறங்குவதில்தான் எல்லாம். காற்று ஒரே சீராக அடித்தால் எவ்வளவு அடித்தாலும் சமாளிக்கலாம். விட்டு விட்டு அடிக்கும் காற்றுதான் பொல்லாதது. தரைக்கு ஓர் ஆள் உயரத்தில் வரும்போது திடீரென்று ஒரு வீச்சு வந்தால், விமானம் இறங்காமல் மேலே மிதக்கும். அடுத்த நொடி அந்த வீச்சு நின்றுபோகும். அப்போது காலுக்குக் கீழே இருந்த படியை யாரோ உருவிவிட்டது போல இருக்கும். எங்கள் பயிற்சியாளர் ஆங்கிலேயர், போர்க்காலத்தில் பறந்தவர். அவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வார்: இறங்குவது சரியாக வரவில்லை என்றால் வேகத்தைக் கூட்டு, மேலே போ, ஒரு சுற்று சுற்றிக்கொண்டு மறுபடி வா, அது தப்பு அல்ல.

மற்றவர்கள் இதைக் கேட்டுத் தலையாட்டினோம். என் நண்பர் மட்டும்தான் அப்படியே செய்தார். நல்ல வெயிலில்கூட, மனசுக்குச் சரியாகப் படாவிட்டால் மேலே ஏறிவிடுவார். ஒருநாள் நான்கு முறை சுற்றினார். கீழே கொட்டகை வாசலில் நாங்கள் நின்றிருந்தோம். சுற்றுவதற்கு மலாயில் பூசிங் என்று பெயர். இறக்கைக்காரர் ஒவ்வொரு முறையும் "பூசிங்!" என்று கத்திக்கொண்டிருந்தார். நண்பர் இறங்கி வந்ததும், அதுவரை யாரிடமும் ஒரு வேடிக்கைப் பேச்சு பேசியறியாத நான், என்னை அறியாமல், "வாங்க மிஸ்டர் பூசிங்" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் வாழ்க்கையில் நான் சொல்லி மற்றவர்கள் சிரித்தது அது ஒன்றுதான். ஒரு மாதத்தில் அந்தப் பெயர் காஜா பேராங் முழுவதும் பரவிவிட்டது. அவருக்குக் கோபமே வரவில்லை. சிறுபிள்ளைகள் "பூசிங் மாமா" என்று கூப்பிட்டால் சைக்கிள் மணியடித்துவிட்டுப் போவார்.

எங்கள் நான்கு பேரில் ஒருவன், தகரக் கடைக்காரர் மகன். ஒரு மத்தியானம் விட்டு விட்டு அடித்த காற்றில் இறங்கினான். ஒருமுறை குதித்தது. சுற்றிப் போயிருக்கலாம். அழுத்தி இறக்கப் பார்த்தான். வீச்சு வந்து இடது இறக்கையைத் தூக்கியது. விமானம் கவிழ்ந்து, சக்கரங்கள் வானத்தைப் பார்த்து நின்றன. அவன் வாரில் தலைகீழாகத் தொங்கினான். தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு பிழைத்தான். பெட்ரோல் அவன் சட்டையில் சொட்டிக்கொண்டிருந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அன்று மாலை கோப்பிக்கடையில் அவரிடம் மட்டும் ஒரு விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணே, அவன் எடத்துல நான் இருந்திருந்தாலும் சுத்திப் போயிருக்க மாட்டேன்."

"ஏன்?"

"எல்லாரும் பாப்பாங்களே. மறுபடி வரணும், மறுபடி பாப்பாங்க. ஒரேயடியா எறங்கிட்டா முடிஞ்சிரும்."

"முடிஞ்சிரும்தான்" என்றார். சிரிக்கவில்லை. கோப்பியைக் கிளறிக்கொண்டே என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேச்சை மாற்றி, எந்த அலுவலகத்தில் எந்தக் கிராணிக்கு வேலை மாற்றம் என்று சொல்ல ஆரம்பித்தார்.

அந்த வருடம் அவருக்குப் பெண் பார்த்தார்கள். செங் பக்கத்தில் ரப்பர் புகைக்கூடத்தில் மேற்பார்வை பார்ப்பவரின் மகள். அவரும் அம்மாவும் போயிருந்தபோது, பெண் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாயிற்று, எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்ததாம். பக்கத்து வீட்டு லாரி ஓட்டுநர் எட்டிப் பார்த்துவிட்டு, "அட, நம்ம பூசிங்கு!" என்றிருக்கிறார்.

பெண்ணின் தகப்பனார், "பேராக்குல ஒரு ஊரு இருக்கே, அந்த பூசிங்கா? மலாக்காக்காரருன்னுல்ல சொன்னாங்க?" என்று கேட்டார்.

"ஊரு இல்லண்ணே. இவரு பேரே அதான். காஜா பேராங்ல கேட்டுப் பாருங்க, எல்லாருக்கும் தெரியும்."

அங்கேதான் வந்தது வினை. எங்கள் பக்கத்தில் பூசிங் என்றால் ஏமாற்றுவது என்றும் ஓர் அர்த்தம். 'அவன் என்னைப் பூசிங் பண்ணிட்டான்' என்றால் தலையில் மிளகாய் அரைத்துவிட்டான் என்று பொருள். ஊரே ஒருவனை அந்தப் பெயரில் கூப்பிடுகிறது என்றால் அவன் எப்படிப்பட்டவனாக இருப்பான்? தகப்பனார் எழுந்து நின்று, "சரிங்க, சொல்லியனுப்புறோம்" என்றுவிட்டார்.

இதை என் நண்பர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சொன்ன ஒரே வேடிக்கை ஒரு மனிதரின் கல்யாணத்தை நிறுத்திவிட்டதே என்று அன்றிரவு சோறு இறங்கவில்லை. மறுவாரம் அவர் என் வீட்டு வாசலில் வந்து மணியடித்தார்.

"சட்டைய மாத்துங்க மீட்டரு. செங் போறோம்."

"எதுக்குண்ணே?"

"இன்னொரு பூசிங் போட்டுப் பாப்போம். பேரு வச்சவரு நீங்கதானே, வந்து சொல்லுங்க."

கூப்பிடாத வீட்டுக்கு, வேண்டாம் என்று சொன்ன வீட்டுக்கு, ஒருவர் மறுபடி போவதை நான் அதுவரை பார்த்ததில்லை. தகப்பனார் வாசலிலேயே நின்றார். நான் சொல்ல வேண்டியதைச் சைக்கிள் மிதிக்கும்போதே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஆனால் அங்கே போய்த் தலையை மட்டும் ஆட்டினேன். அவரே பேசினார். அரைமனதாக உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு தட்டில் பிஸ்கட் வைத்தார்கள். அவர் அந்தத் தட்டைத் திடலாக்கி, ஒரு பிஸ்கட்டை விமானமாக்கி, எப்படி வருவோம், எப்போது மேலே ஏறுவோம், எப்படிச் சுற்றுவோம் என்று காட்டினார். பிஸ்கட் தகப்பனாரின் தலையைச் சுற்றி இரண்டு முறை போய்வந்தது. இடையிடையே "அப்படித்தானே மீட்டரு?" என்று என்னைக் கேட்பார். நான் ஆட்டுவேன்.

உள்ளறையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "அப்ப எறங்கவே மாட்டாரா?"

எல்லோரும் திரும்பினோம். கதவுத் திரைக்குப் பின்னால் அந்தப் பெண்.

"எறங்குவேன்" என்றார் அவர், பிஸ்கட்டைக் கையில் பிடித்தபடி. "எடம் நல்லா இருந்தா."

திரைக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம். தகப்பனார் சிரிக்காமல் இருக்க முயன்று தோற்றார். கல்யாணம் முடிவானது. ஆனாலும் விமானம் என்பதைத் தகப்பனார் முழுமனதாக ஏற்றுக்கொள்ளவில்லை. "அதையும் ஒருநாள் கண்ணால பாத்துடுறேன்" என்று சொல்லிவைத்தார்.

அந்த ஒருநாளும் வந்தது. சங்கம் பொதுமக்களுக்காகத் திடலைத் திறந்துவிட்ட ஞாயிற்றுக்கிழமை. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. பெண்ணின் தகப்பனார், பெண், ஓர் அத்தை மூவரும் முன் வரிசை நாற்காலியில். என் பெற்றோரும் என் இலாகாவிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். நாங்கள் இருவரும் தனித்தனி விமானத்தில், பயிற்சியாளர் இல்லாமல், ஆற்று முகத்துவாரம்வரை போய்த் திரும்பிவந்து, ஒருவர் பின் ஒருவராக இறங்க வேண்டும். முதலில் அவர், பிறகு நான். அதில் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. புறப்படும்போது, காற்றின் வீச்சைக் காட்டக் கம்பத்தில் கட்டிய காற்றுப்பை தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

கடலைப் பார்த்துத் திரும்பியபோது உள்நாட்டுப் பக்கம் மேகம் கறுத்திருந்தது. மழைக்கு முன்னால் ஓடிவரும் காற்று எங்களுக்கு முன்பே திடலுக்கு வந்துவிட்டது. கீழே லாலாங் புல் ஓர் இடத்தில் படுப்பதும் எழுவதுமாக இருந்தது. காற்றுப்பை கிழிந்துவிடுவது போல விறைக்கும், அப்படியே தொங்கும், மறுபடி விறைக்கும்.

அவர் எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தார். நான் பின்னால், கொஞ்சம் உயரத்தில். என் விமானம் ஒரு பக்கம் சரியும், நிமிர்த்துவேன், மறுபக்கம் சரியும். தகரக் கடைக்காரர் மகனின் சட்டையில் சொட்டிய பெட்ரோல் நினைவுக்கு வந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக என் மனதில் நின்றது முன்வரிசை நாற்காலிகள்தான். இறங்கிவிட வேண்டும். எப்படியாவது ஒரே தடவையில் இறங்கிவிட வேண்டும். அவர் இறங்கி, நான் மட்டும் மேலே சுற்றினால், அத்தனை பேரும் தலையை அண்ணாந்து என் ஒருவனையே பார்ப்பார்களே. பயிற்சியாளர் என் விமானம் ஆடுவதைப் பார்த்துவிட்டுச் சிவப்புக் கொடியை ஆட்டினாராம். நான் பார்க்கவில்லை. என் கண் புல்லில் மட்டும் இருந்தது.

அவருடைய விமானம் தரைக்கு மிக அருகில் போய்விட்டது. அடுத்த நொடி சக்கரம் தொடும் என்று நினைத்தேன். தொடவில்லை. அவருடைய இஞ்சின் முழு வேகத்தில் இரைந்தது. மூக்கு நிமிர்ந்தது. மேலே ஏறிப் போய்விட்டார்.

அந்தக் கணம் எனக்கு இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. என் உடம்பில் எதுவோ தளர்ந்தது. நான் தனியாக இல்லை. நானும் வேகத்தைக் கூட்டினேன். என் சக்கரத்துக்குக் கீழே ஓர் ஆள் உயரம் இருந்திருக்கும். அதே சமயம் ஒரு வீச்சு வந்து என்னைப் பக்கவாட்டில் ஒரு கொட்டகை நீளம் தள்ளிக்கொண்டு போனது. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இறக்கை நுனி புல்லைத் தொட்டுவிடும் போல வந்து, நிமிர்ந்தது. வேகம் இருந்ததால் நிமிர்ந்தது. இறங்குவதற்கென்று இஞ்சினை அடக்கி வைத்திருந்தால் நிமிர்ந்திருக்காது. இதை நான் சொல்லவில்லை, அன்று மாலை பயிற்சியாளர் சொன்னது.

இரண்டாம் முறையும் அவர் முன்னால் வந்தார், தாழப் பறந்து பார்த்தார், மேலே ஏறினார். நானும் ஏறினேன். இந்த முறை எனக்கு வெட்கமாகவே இல்லை. இரண்டு பேர் சேர்ந்து ஏதோ வேலை பார்ப்பது போல இருந்தது. மேகம் வடக்கே ஒதுங்கத் தொடங்கியது. மூன்றாம் முறை இறங்க வரும்போது அவர் வேண்டுமென்றே அகலமாகச் சுற்றி எனக்குப் பின்னால் போய்விட்டார். கையை நீட்டி, நீ போ என்று சைகை செய்தார். இறக்கை பிடிக்கத் திடலில் இருந்தவர்கள் இருவர்தான். ஒரு சமயத்தில் ஒரு விமானத்தைத்தான் அவர்களால் பிடிக்க முடியும். நான் இறங்கினேன். ஒருமுறை குதித்தது, நின்றது. இறக்கைக்காரரும் மற்றவரும் ஓடிவந்து நுனியைத் தொங்கிப் பிடித்தார்கள். என்னைக் கொட்டகைக்கு நடத்திக் கொண்டுபோய்விட்டுத் திரும்பும்வரை அவர் இன்னும் இரண்டு சுற்று சுற்றினார்.

முன்வரிசையில் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அத்தை நான்கு என்றார். பின்னால் யாரோ, "முன்னாடி போனவருக்கு எறங்கத் தெரியல போல. பின்னாடி வந்த பையன் எறங்கிட்டான் பாரு" என்றது எல்லோர் காதிலும் விழுந்தது. அந்தப் பையன் நான். என் இலாகாக்காரர்கள் என் முதுகில் தட்டினார்கள்.

இறக்கைக்காரர் மூச்சு வாங்க என் பக்கத்தில் வந்து நின்று மலாயில் சொன்னார்: "அவர் முதல் தடவையே இறங்கியிருக்கலாம். நான் பக்கத்திலேயே நின்றேன். சக்கரம் புல்லைத் தொடப் போனது, விமானம் ஆடவே இல்லை. தலையைத் திருப்பி உன்னைப் பார்த்தார். அப்புறம்தான் மேலே போனார்."

அவர் இறங்கி, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, மாமனாராகப் போகிறவரிடம் நேராக வந்தார். நானும் பின்னால் போய் நின்றேன்.

"என்னா மாப்பிள்ள, அந்தத் தம்பி மூணாவது தடவையே எறங்கிட்டாரே?"

"அவரு கெட்டிக்காரரு மாமா. எனக்குக் காத்து ஒத்துவரல."

"எங்க ஆளுங்க முன்னாடி இப்படியா? எம் பொண்ணு வவுத்துல புளியக் கரைச்சிக்கிட்டு உக்காந்திருக்கு."

அந்தப் பெண் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், நெடுநேரம். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நான் ஓர் அடி முன்னால் வந்தேன். இது செங்கில் அந்த வீட்டில் தலையாட்டியது போல அல்ல, இந்த முறை சொல்லியே தீர வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"ஐயா, அவரு வந்து… எனக்காகத்தான்…"

"மீட்டருக்குத் தேத்தண்ணி குடுங்க யாராச்சும்" என்று அவர் குறுக்கே விழுந்தார். "நடுங்குறாரு பாருங்க. மொத தடவ இவ்ளோ பேரு முன்னாடி." என் தோளைப் பிடித்துத் திருப்பி, கூட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டார். அவருடைய கட்டைவிரல் ரேகை என் வெள்ளைச் சட்டையில் கறுப்பாகப் பதிந்தது.

வீட்டுக்குச் சைக்கிளில் ஒன்றாகத்தான் வந்தோம். காஜா பேராங் திருப்பம் வரும்வரை தைரியத்தைச் சேர்த்து, கேட்டேன்.

"மொத தடவ நீங்க எறங்கியிருக்கலாம்ல அண்ணே?"

"யாரு சொன்னா?"

"இறக்கைக்காரரு."

"அவருக்கென்னா தெரியும், அவரு ரெக்கைய மட்டும் பாக்குறவரு." கொஞ்ச தூரம் மிதித்தார். "எனக்கு அந்த எடம் புடிக்கல. அவ்ளோதான். போயிப் பசியாறுங்க."

நன்றி என்று சொல்ல நினைத்தேன். அவர் வீட்டு வாசல் வந்துவிட்டது. அவருடைய அம்மா வாசலில் நின்றிருந்தார். மூன்றாம் மனிதர் எதிரில் எனக்கு அந்தச் சொல் வரவில்லை. அதன் பிறகும் எத்தனையோ முறை சந்தித்தோம். அவருடைய கல்யாணத்தில் பந்தி பரிமாறினேன். என் கல்யாணத்துக்கு அவர்தான் அழைப்பிதழ் அடித்துக் கொடுத்தார். எனக்கு மூன்று பிள்ளைகள். மூவரும் அவர் மடியில் விளையாடியவர்கள். அந்தச் சொல்லை மட்டும் சொல்லவில்லை. எழுதினால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் இங்கே சொல்கிறேன். நன்றி, அண்ணே.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள், திங்கட்கிழமை. காலையில் பெண்ணின் தகப்பனார் செங்கிலிருந்து பஸ்ஸில் நண்பர் வீட்டுக்கு வந்து, கல்யாணம் நடக்க வேண்டுமானால் விமானம் ஓட்டுவதை விட்டுவிட வேண்டும் என்று சொன்னார். அவர் சரி என்றார். மத்தியானம் பத்து பெரண்டாம் போய்ச் சங்கத்தில் சொல்லிவிட்டு, தலைக்கவசத்தையும் கண்ணாடியையும் ஒப்படைத்துவிட்டு வந்தார். எனக்கு இது எதுவும் அன்று தெரியாது, காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை, நாள் முழுவதும் தூங்கினேன்.